வெடியுப்பு பாட்டிலும் புளிச்ச பாட்டிலும்

4 ஜனவரி 2025, சனி

நேற்று பதினொன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், புளிச்ச தண்ணியில பாசி வளருமா?" வளரும், ஸ்பெயின் நாட்டில் ரியோ டிண்டோ என்றொரு ஆறு, பி.எச் (புளிப்பின் அளவு: 7 நடு, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 2 பக்கம் கிடக்கும், அதிலும் பச்சைப்பாசி இருக்கிறது என்று சொல்லி மடக்கிவிட்டேன். "அப்போ நம்ம தொட்டிப் பாசிக்குப் புளிப்பு ஊத்தினா?" என்றாள். மணி அடித்துக் காப்பாற்றியது.

இன்று தட்டட்டியில் (மொட்டைமாடியில்) நாலு பாட்டில் வைத்துவிட்டேன். சேரன்மகாதேவி படித்துறையில் மொண்டு வந்த ஆற்றுத் தண்ணீர் இரண்டில். ராதாபுரம் பக்கம் அத்தானின் தோட்டக் கிணற்றுத் தண்ணீர் இரண்டில். ஆற்றுத் தண்ணீர் லேசானது. கிணற்றுத் தண்ணீரோ, கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு ஏடு கட்டும். இரண்டு தண்ணீருக்கும் இரண்டு விதச் சாப்பாடு: ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டிலுக்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), மற்றதற்கு அமோனியம் சல்பேட்.

வெடியுப்பு என்றால் உரக்கடை அண்ணாச்சிக்குப் புரியவில்லை. "பதிமூணு சைபர் நாப்பத்தஞ்சுன்னு சொல்லுங்க டீச்சர், வாழைக்கு அடிக்கது" என்று எடுத்துக் கொடுத்தார். நகைக்கடையில் வேலை பார்க்கும் தம்பியின் தராசில் நிறுத்தேன். லிட்டருக்கு வெடியுப்பு 200 மில்லிகிராம், அமோனியம் சல்பேட் 130 மில்லிகிராம். அப்படிப் போட்டால்தான் இரண்டிலும் நைட்ரஜன் சமமாக இருக்கும். பாஸ்பேட் ஒரு சிட்டிகை, அன்னபேதி (இரும்பு உப்பு) ஒரு பொடி, மாட்டுத் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் அரை டம்ளர். பள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது குளோரெல்லா மாதிரி உருண்டைகளும், நாலு நாலாக ஒட்டிக்கொண்ட சீனிடெஸ்மஸும் தெரிந்தன.

புளிப்பு எதையும் ஊற்றவில்லை. முதலில் சும்மா வளரட்டும், அப்புறம் ஊற்றலாம் என்று எண்ணம்.

ஆற்றுத் தண்ணீர் பி.எச் 7.1. கிணற்றுத் தண்ணீர் 7.9.

9 ஜனவரி, வியாழன்

ஆற்றுத் தண்ணீர், அமோனியம் பாட்டில்: 6.2. பி.எச் பேனா கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன். நானூறு ரூபாய்ப் பேனாவிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

12 ஜனவரி, ஞாயிறு

பேனா கெடவில்லை. பி.எச் 4.00, 6.86 என்று நிச்சயமாகக் காட்ட வேண்டிய பொடிகளைக் கரைத்துச் சரிபார்த்தேன், இரண்டிலும் ஒழுங்காகக் காட்டியது. அமோனியம் பாட்டில் இன்று 4.1. வெடியுப்பு பாட்டில் 8.6. ஒரே ஆறு, ஒரே பாசி, ஒரே வெயில். நான் ஊற்ற நினைத்த புளிப்பைப் பாசி தானே செய்து வைத்திருக்கிறது!

பி.எச்சில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. 7.1இலிருந்து 4.1 என்றால் ஹைட்ரஜன் அயனி ஆயிரம் மடங்கு கூடிவிட்டது. (1909இல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்த சோரன்சன் கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தவர். வகுப்பில் இதைச் சொன்னால் பின் வரிசை மட்டும் விழித்துக்கொள்ளும்.)

கணக்கு இப்படித்தான். பாசியின் செல் தன் சவ்வில் உள்ள பம்பால் ஹைட்ரஜன் அயனியை ஓயாமல் வெளியே இறைக்கிறது, அதற்கு ஏடிபி (செல்லின் ஆற்றல் காசு) செலவு. இறைக்க இறைக்க உள்ளே எதிர்மின்னூட்டம் தங்குகிறது. அமோனியம் நேர்மின் அயனி, அந்த இழுப்பிலேயே உள்ளே வந்துவிடும். வந்தது புரதமாக மாறும்போது ஒரு அமோனியத்துக்கு ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அயனி மிச்சப்படுகிறது. அதுவும் வெளியே போகிறது, தண்ணீர் புளிக்கிறது.

நைட்ரேட் எதிர்மின் அயனி, அந்த இழுப்பு அதற்கு வேலைக்காகாது. கமலையில் இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடாமல் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விழுகிறது, விழும்போது ஒரு சருகையும் சேர்த்து இழுத்துப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே திரும்பும்போது ஒரு நைட்ரேட்டைக் கூட்டிக்கொண்டு போகின்றன. அதை அமோனியமாக்கும் வேலையில் இன்னும் ஹைட்ரஜன் அயனி கரைகிறது. வெளித் தண்ணீர் காரமாகிறது.

15 ஜனவரி, புதன், மாட்டுப்பொங்கல்

தொட்டியைக் கழுவி மாட்டைக் குளிப்பாட்டினோம். அத்தை தட்டட்டிக்கு வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, பாசிக்கு எப்ப பொங்கல் வைக்கப் போற?" என்றார்.

அமோனியம் பாட்டில் 3.6. பச்சை வெளிறி அடியில் படிந்துவிட்டது. சாப்பாடு தீரவில்லை என்பது என் ஊகம். போட்ட அமோனியம் முழுவதும் உள்ளே போயிருந்தால் பி.எச் 3க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். வெளியே புளிப்பு கூடக்கூட ஹைட்ரஜன் அயனி உள்ளே கசியும். செல் தன் உள்பகுதியை 7க்குப் பக்கத்தில் வைத்தாக வேண்டும், அதனால் ஏடிபியெல்லாம் இறைக்கவே போய்விடும். உள்ளே இழுக்கும் மின்னழுத்தமும் தளர்கிறது, பொட்டாசியம் வெளியே ஒழுகுகிறது. சோறு தட்டிலேயே இருக்கிறது, எடுத்துச் சாப்பிடத் தெம்பில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

வெடியுப்பு பாட்டில் காலை ஆறு மணிக்கு 8.4, மத்தியானம் மூன்று மணிக்கு 9.8. பகலில் ஒளிச்சேர்க்கை தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது, இரவில் மூச்சுவிட்டுத் திரும்பத் தருகிறது. நல்ல கரும்பச்சை. இதுதான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன்.

26 ஜனவரி, ஞாயிறு

ஜெயிக்கவில்லை. கொடியேற்றிவிட்டு வந்து பார்த்தால் பச்சை மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது, அடியில் வெள்ளையும் துருவுமாக ஒரு வண்டல். 9.7. இந்தக் காரத்தில் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். படியாமல் மிஞ்சியதும் பெரும்பாலும் இரண்டு எதிர்மின்னூட்டம் கொண்ட வடிவத்தில் இருக்கும் (பி.எச் 7.2தான் பாதிக்குப் பாதி எல்லை). ஒற்றை மின்னூட்ட வடிவத்தையே எளிதாக எடுக்கும் பாசிகள் பல. அன்னபேதியின் இரும்பு எப்போதோ துருவாகிவிட்டது.

ஸ்ட்ரா வைத்து ஐந்து நிமிடம் ஊதினேன். மூச்சில் நாலு சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. 7.3க்கு இறங்கியது. தலை சுற்றியதால் நாளையிலிருந்து மீன்தொட்டிப் பம்பு.

2 பிப்ரவரி, ஞாயிறு

கிணற்றுத் தண்ணீர் பாட்டில்களை எழுதாமலே விட்டுவிட்டேன். வெடியுப்பு போட்டது ஆற்றுப் பாட்டிலைப் போலத்தான், இன்னும் கூடுதல் வண்டலோடு. அமோனியம் போட்டது புளிக்கவே இல்லை. கிணற்றின் பைகார்பனேட் வந்த புளிப்பையெல்லாம் விழுங்கிவிட்டது. அதனால் நன்றாக வளர்ந்திருக்க வேண்டும், ஆனால் முதல் வாரத்திலிருந்தே சவலையாகக் கிடக்கிறது. மத்தியானம் 9.1, மூடியைத் திறந்தால் லேசான மூத்திர நெடி. பி.எச் 9.25இல் அமோனியத்தில் பாதி அமோனியா வாயுவாக மாறியிருக்கும். அதற்கு மின்னூட்டம் இல்லை, வாசல் தேவையில்லை, சவ்வு வழியாக நேரே புகுந்து ஒளிச்சேர்க்கையைக் கெடுக்கும். பி.எச் 7 என்றால் நூற்றுக்கு ஒன்றுகூட அப்படி இருக்காது.

போனில் சொன்னதும் அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. போன கோடையில் மீன்குட்டையைப் பச்சையாக்க யூரியா (தண்ணீரில் அதுவும் அமோனியமாகும்) போட்டு, சில நாளில் மத்தியான நேரத்தில் மீன் மிதந்து, பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து கலந்துவிட்டார் என்று சண்டைக்குப் போனவர் அவர். "அப்ப பி.எச் பார்த்திருக்கணுமோ?" என்றார். மத்தியானம் பார்த்திருக்க வேண்டும், காலையில் பார்த்தால் ஒன்றும் தெரிந்திருக்காது என்றேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

போன ஞாயிறே ஐந்தாவது பாட்டில் வைத்தேன், ஆற்றுத் தண்ணீரில் இரண்டு உப்பும் பாதிப் பாதி. கேள்வி கேட்ட பிள்ளை, இரண்டும் அடித்துக்கொண்டு 7லேயே நிற்கும் என்றாள். முதலில் இறங்கும், அப்புறம் ஏறும் என்றேன் நான். அமோனியம் இருக்கும்வரை பாசி நைட்ரேட்டைப் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. பந்தயம் இருட்டுக்கடை அல்வா கால் கிலோ.

புதன் 6.3. வெள்ளி 5.4. நேற்றும் 5.4.

இன்று காலை 5.9. நாளை பாட்டிலையும் பேனாவையும் வகுப்புக்கே எடுத்துப் போகிறேன், அவளே பார்த்துக்கொள்ளட்டும்.