பாட்டாவின் விசிறிக் காற்று

கன்னியாகுமரி மாவட்டத்தில் சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் ஓடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு சிவாலயங்களையும் நான் கால்நடையாகவே சுற்றித் தீர்ப்பேன் என்று எனக்காக நேர்ந்துகொண்டவர் என் பாட்டா. அந்த நேர்ச்சையைத் தீர்க்க எனக்கு 46 ஆண்டுகள் ஆயின என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது திற்பரப்பில் கோதையாற்றுப் பாறையில் வழுக்கி விழுந்தேன். தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றிய பாட்டா, எனக்கு மூச்சு திரும்பியதும் ஈர வேட்டியோடு கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "மகாதேவா, இவன் வளர்ந்து ஓட்டம் ஓடித் தீர்ப்பான்" என்று சொன்னாராம். பிறகு படிப்பு, வெளியூர் வேலை, குடும்பம் என்று நாட்கள் ஓடினவே தவிர நான் ஓடவில்லை. சென்ற மார்கழியில் அம்மா படுக்கையிலிருந்தபடி, "பாட்டா சொன்ன வாக்கு அங்கேயே நிக்குது மக்கா" என்றாள். அதன் பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை; மாசியில் மாலையிட்டேன்.

சிவராத்திரி என்றாலே என் நினைவுக்கு வருவது கோயில் அல்ல, குலசேகரத்திலிருந்து பொன்மனைக்குப் போகும் சாலையோரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டின் முற்றம்தான். அண்டா நிறையக் கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பியைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, ஓட்டக்காரர்கள் வரும் நேரம் பார்த்து ஆச்சி எங்களை எழுப்புவாள். தெருவிளக்கு இல்லாத காலம் அது. இலை உதிர்த்து நிற்கும் ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் முதலில் "கோவிந்தா" என்று ஒரு குரல் கேட்கும்; நூறு குரல்கள் "கோபாலா" என்று பதில் சொல்லும்; பிறகு சருகுகள் நொறுங்கும் ஓசையும், தென்னோலைச் சூட்டுப் பந்தத்தின் வெளிச்சமும் ஒன்றாக நெருங்கி வரும். அந்தக் கூட்டத்தில் எங்கள் பாட்டாவை முதலில் கண்டுபிடிப்பது யார் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை நடக்கும். அவரோ சொந்த வீட்டு வாசலில் உட்காரக்கூட மாட்டார். மற்றவர்களைப் போல நின்றபடியே ஒரு குவளை குடித்துவிட்டு, விசிறியை ஆட்டிக்கொண்டு இருட்டுக்குள் போய்விடுவார். பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகம் துரத்த, கோவிந்தா என்று கூவியபடி பீமன் ஓடி நின்ற பன்னிரண்டு இடங்கள்தான் இந்தச் சிவாலயங்கள் என்பது ஓட்டத்தின் கதை. புருஷாமிருகம் துரத்தினபோது பீமனுக்கு மூச்சு வாங்கவில்லையா என்று ஒருமுறை பாட்டாவைக் கேட்டேன். "வாங்காமலா? அதனாலதானே பன்னிரண்டு இடத்துல நின்னான்" என்றார். இன்றுவரை அதைவிடச் சரியான விளக்கத்தை எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லவில்லை.

சிவராத்திரிக்கு மறுநாள் அவர் திரும்பி வந்து திண்ணையில் சாய்ந்ததும், ஆச்சி கால்களில் சூடான எண்ணெயைத் தேய்க்க, நாங்கள் வரிசையாக முன்னால் உட்கார்ந்துகொள்வோம். "சாமிக்கு வீசின காத்து, மிச்சத்தை நீங்க வாங்கிக்கிடுங்க" என்று சொல்லி, ஒரு வீச்சுக்கு ஒரு கோயிலாகப் பெயர் சொல்லிக்கொண்டு பாட்டா வீசுவார்: திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். வேண்டுமென்றே நடுவில் ஒன்றை விட்டுவிடுவார். விடுபட்டதைச் சொல்லும் பிள்ளைக்கு இன்னொரு வீச்சு கிடைக்கும். பள்ளியில் வாய்ப்பாட்டுக்குத் திணறிய நான் பன்னிரண்டு சிவாலயங்களை மட்டும் தூக்கத்திலும் பிசகாமல் சொல்லக் கற்றது இப்படித்தான். வேர்வையும் திருநீறும் குளத்துத் தண்ணீரும் கலந்த மணமுள்ள அந்தக் காற்றுக்கு இணையாக ஒரு காற்று பிறகு என் மேல் பட்டதில்லை.

முஞ்சிறைத் திருமலையில் தரிசனம் முடித்துப் புறப்பட்டபோது என் கையில் இருந்தது புதிய விசிறி. அதில் தொங்கிய திருநீற்றுப் பையும் காசுப் பையும் அம்மா தைத்துக் கொடுத்தவை. திக்குறிச்சி வரை கால் வலி தெரியவில்லை. அருமனை தாண்டியதும் தெரியத் தொடங்கியது. திற்பரப்பை அடைந்தபோது நள்ளிரவு நெருங்கியிருந்தது. ஒரு காலத்தில் என்னைக் கொண்டுபோகப் பார்த்த அதே ஆற்றில் இறங்கி மூழ்கி எழுந்து, சொட்டச் சொட்டச் சன்னிதியில் போய் நின்றேன். தீபங்களுக்கு நடுவே மகாதேவர் மிக அருகில் இருப்பதுபோல் தோன்றியது. விசிறியை உயர்த்தி, "திருமலை, திக்குறிச்சி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வீசினேன். "திற்பரப்பு" என்று சொல்லி மூன்றாவது வீச்சு வீசியபோது, எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் அந்தப் பழைய மணம் முகத்தில் வந்து பட்டது. என் ஈர வேட்டியின் மணமாகவும் இருக்கலாம். இருந்தாலும் நான் அழுதேன். என்னிடம் வேண்டுதல் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அந்த உயிரைத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. பின்னாலிருந்து, "சாமி, கொஞ்சம் நகருங்க" என்று யாரோ தள்ளினார்கள்.

தள்ளியவர்களில் பாதிப் பேர் வாகனங்களில் வந்தவர்கள். முடியாதவர்கள் வண்டியில் வருவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திடகாத்திரமான இளைஞர்கள் காது செவிடாகும்படி ஹாரன் அடித்துக்கொண்டு, நடப்பவர்களை ஓரத்துக்கு விரட்டிவிட்டு, நமக்கு முன்னால் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. வழி நெடுகக் கிடந்த காகிதக் குவளைகளைப் பற்றியும் சொல்லலாம். மனம் கசந்துவிடும் என்பதால் விடுகிறேன். எங்கள் பழைய வீடு இருந்த இடத்துக்கு எதிரே யாரோ நல்ல மனிதர்கள் அண்டா வைத்துச் சுக்குக்காப்பி கொடுத்தார்கள். சுக்கு போதாது, ஆச்சி இருந்திருந்தால் கீழே கொட்டச் சொல்லியிருப்பாள். நான் இரண்டு குவளை குடித்தேன்.

கல்குளத்துக்குப் பிறகு, உச்சி வெயிலில், கொதிக்கும் தார்ச்சாலை என் கர்வத்தை எல்லாம் உரித்தெடுத்தது. இரண்டு பாதங்களிலும் கொப்புளம் உடைந்திருந்தது. மேலாங்கோட்டு யட்சிக் கதையைச் சொல்லி ஆச்சி எங்களைப் பயமுறுத்திய நாட்களை நினைத்து, நேரில் யட்சியே வந்தாலும் இன்று ஓட முடியாது என்று சிரித்துக்கொண்டு நடந்தேன். 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த வழியின் கடைசிப் பகுதி எனக்குச் சரியாக நினைவில்லை. யாரோ ஒருவர் தோளைக் கொடுத்தார். திருநட்டாலத்தில் சங்கரநாராயணரின் முன்னால் நின்றேன். சிவனும் திருமாலும் ஒருவராய் நின்ற அந்தக் கோலத்தைப் பார்த்ததும் கோவிந்தா என்று கூப்பிட வாயெடுத்துச் சிவசிவா என்றேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, நெற்றியில் திருநீறு இட்டுவிட்டு, விசிறியை எடுத்து மெதுவாக வீசினேன். அவள் கண்களை மூடிக்கொண்டாள். கை ஓய்ந்துபோய் விசிறியைக் கீழே வைத்தபோது, கண்களைத் திறக்காமலே சொன்னாள்: "பதினொண்ணுதான் ஆச்சு மக்கா. நட்டாலத்தை விட்டுட்டியே."