கொட்டாங்குச்சியும் தலைத்துணியும்

என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, இளம் வயதிலேயே தாலியறுத்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வெள்ளைச் சேலைதான். காங்கேயம் பக்கத்திலிருந்த தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது தம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் கம்மிவிடும். அதே அம்மிச்சி, பண்ணையத்தில் வேலை செய்த அருந்ததியர் பெண் தண்ணீர் கேட்டால், சாளையின் (தோட்டத்துக் குடிசையின்) எறவாரத்தில் செருகியிருந்த கொட்டாங்குச்சியை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லி, சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவார். ஒரு துளிகூடத் தம்மேல் தெறிக்காதபடி ஊற்றிய அந்தக் கையின் நிதானம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இனவெறியையும் ஆணாதிக்கத்தையும் பேசும் நாவல் எப்போது செவ்வியல் படைப்பாகிறது என்று எண்ணும்போது இந்தக் காட்சியைத்தான் உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன். அம்மிச்சிக்கு இழைக்கப்பட்டதையும் அவர் இழைத்ததையும் ஒன்றுக்கொன்று நேர்செய்து கழித்துவிடாமல், இரண்டையும் ஒரே ஆளிடம் காணும் துணிவு எழுத்துக்கு வேண்டும். கொடுமையைக் கண்டிப்பது மட்டுமே நோக்கமானால் அதற்குக் கட்டுரை போதும்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1937-இல் வெளியிட்ட 'தெய்ர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலில் அந்தத் துணிவு இருக்கிறது. ஃபுளோரிடாவில் கறுப்பின மக்களே அமைத்துக்கொண்ட ஈட்டன்வில் என்ற ஊரில் நாவலின் நாயகி ஜேனியின் கணவன் மேயர், கடையும் அவனுடையதே. கடைக்கு வந்த ஒருவன் அவளுடைய பின்னலைக் கையால் வருடுவதைப் பார்த்த கணவன், இனிமேல் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் கடையில் நிற்க வேண்டும் என்கிறான், காரணம் சொல்வதில்லை. அவன் இறந்த பின்பு அவள் அந்தத் துணிகளை ஒன்றுவிடாமல் எரித்துவிடுகிறாள். வெள்ளையர் சுமத்திய பாரத்தைக் கறுப்பின ஆண் தன் வீட்டுப் பெண்ணின் தலைக்கு மாற்றுகிறான் என்று அடிமையாகப் பிறந்த பாட்டி முன்பே பேத்தியிடம் சொல்லியிருந்தாள். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு முழத் துணியில் காட்டிவிடுகிறார் ஹர்ஸ்டன்.

இந்த நாவலுக்குக் கருப்பொருளும் இல்லை, செய்தியும் இல்லை என்று கறுப்பின நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் அந்த ஆண்டே குறை கூறினார். பிறகு பல ஆண்டுகள் நூல் அச்சில் இல்லை. 1960-இல் இறந்த ஹர்ஸ்டனின் புதைகுழிக்கு ஒரு கல்கூட இல்லாதிருக்க, எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1973-இல் தேடிப்போய்க் கல் நட்டார். 1978-இல் புதிய பதிப்பு வந்தது. நல்ல நூலைக் காலமே காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. தேடிப்போக ஓர் ஆள் வேண்டும்.

நம் பக்கத்தில் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' இருக்கிறது. விதவைக்குக் கணவன் சொத்தில் உரிமை தந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941-இல் அன்றைய இந்தியக் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு வெளிவந்த அந்த நாவலில் விதவையான நாகம்மாள் கேட்பதோ நிலம். ஆசிரியர் அவளை உத்தமியாக்கிக் கெஞ்சவிடவில்லை. பிடிவாதமும் கோபமும் உள்ளவளாகவே, கொங்குப் பேச்சிலேயே உரிமை கேட்க வைக்கிறார். ஹர்ஸ்டனும் தம் மக்களின் நாட்டுப்புறப் பேச்சைத் திருத்தாமல்தான் எழுதினார். அந்தப் பேச்சைப் பொதுநடைக்கு மாற்றியிருந்தால், பேசுகிறவரின் மானத்தில் பாதி போயிருக்கும்.

கண் மங்கிய காலத்தில் அம்மிச்சிக்கு 'நாகம்மாள்' வாசித்துக் காட்டினேன். பாகம் கேட்கும் இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அவ கேட்டதுல என்ன கண்ணு தப்பு?" என்றார். ஒரு தப்பும் இல்லை என்றேன். கொட்டாங்குச்சியைப் பற்றி அப்போது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.