தனக்கா கல்லை ஓரங்கட்டிய காலம்

முகத்தில் தனக்கா இல்லாமல் நான் வாசல் தாண்டியதே கிடையாது. பிறந்தது பர்மாவில் பகோ பக்கம், வாழ்க்கைப்பட்டது யாங்கோன் நகரத்துத் தாம்வேயில். ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அம்மா கன்னத்தில் வட்டமாக இழுத்துவிட்ட அந்த மஞ்சள் பூச்சு நாற்பது வருஷம் விடாமல் தொடர்ந்தது. சிவகங்கையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், “என்னடி இது, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி” என்று சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். பங்குனி வெயிலில் அப்போதுதான் அரைத்த தனக்கா கன்னத்தில் காய்கிற குளிர்ச்சி அவர்களுக்கு எங்கே தெரியும்.

தெரியாதவர்களுக்கு: தனக்கா ஒரு மரம். நம் ஊரில் மகாவில்வம் என்கிறார்களே, அதுதான். பட்டையோடு இருக்கும் துண்டுக் கட்டையை, ஓரத்தில் வாய்க்கால் வெட்டிய வட்டக் கல்லில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சந்தனம் உரைப்பதுபோல உரைக்க வேண்டும். வாசமும் கிட்டத்தட்டச் சந்தனம்தான். ஷ்வேபோ என்ற ஊர்க் கட்டைக்கு மவுசு அதிகம்.

எனக்கு 45 வயது முடிந்த கார்த்திகையில் முதல் தகராறு. காலையில் பூசிக்கொண்டு எங்கள் தோசைக் கடையில் நின்றால் ஒன்பது மணிக்கெல்லாம் கன்னம் இழுத்துப் பிடித்தது. சிரித்தால் தோல் விரிசல் விடுமோ என்று பயம். சாயங்காலம் கழுவித் துடைத்தால் துண்டில் தவிடு மாதிரி உதிர்ந்தது. கட்டைதான் மட்டம் என்று நினைத்து அதை மாற்றினேன். என் மாமியார், “பனி வந்தா எல்லாருக்கும் அப்படித்தான்த்தா, இன்னும் கொஞ்சம் கெட்டியாப் பூசு” என்றார். கெட்டியாகப் பூசினேன். இன்னும் இழுத்தது. மாதவிலக்கு அந்த வருஷம்தான் இரண்டு மாதம் தள்ளி, பிறகு பதினைந்து நாளில் வந்து, இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்திருந்தது. முகத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

தை பிறப்பதற்குள் இரண்டு கன்னத்து எலும்பின் மேலும் மங்கு விழுந்துவிட்டது. காப்பிக் கறை மாதிரி. இங்கேதான் நான் புத்தியைக் கடன் கொடுத்தேன். கொழுந்தன் மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு வருகிற ஒரு பெண், சந்தையில் ஒரு இடத்தில் சின்ன டப்பாவில் கிரீம் போட்டுத் தருகிறார்கள், பத்து நாளில் முகம் பளிச் என்றாகிவிடும் என்றாள். டப்பாவில் பெயர் இல்லை, தேதி இல்லை, என்ன கலந்தது என்ற எழுத்து ஒன்றுகூட இல்லை. பத்து நாள் என்றாள், எனக்கு எட்டே நாளில் பளிச்சிட்டது. மங்கு மங்கியது, உதிர்வது நின்றது. கல்யாண வீட்டில் மூன்று பேர் ரகசியம் கேட்டார்கள். இரண்டு பேருக்கு வாங்கியும் கொடுத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் பூசினேன். திங்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்குச் சந்தை மூடிக் கிடந்த நாட்களில் டப்பா காலியானது. மூன்றாம் நாள் காலையில் முகம் வெந்நீர் பட்டதுபோலச் சிவந்திருந்தது. வாயைச் சுற்றியும் மூக்கோரத்திலும் கடுகு கடுகாய்ப் பொரிப்பொரியாகக் கட்டி. சாம்பார் அண்டாவைத் திறந்தால் அந்த ஆவி பட்டு அழுதேன். வலியில் இல்லை, எரிச்சலில். புது டப்பா வாங்கிப் பூசியதும் ஒரே ராத்திரியில் அடங்கியது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. பூசினால் அடங்கி, விட்டால் பற்றுகிற சாமான் மருந்தாக இருக்காது.

தோல் டாக்டர் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். முகத்தைக்கூடப் பிறகுதான் பார்த்தார். அதில் சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கிவைக்கிற ஸ்டீராய்டு இருக்கும், பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ, கூடவே பாதரசமும் இருக்கலாம் என்றார். பாதரசம் நிறமி உண்டாவதைத் தடுத்து வெளுப்பாக்கும், ஆனால் தோல் வழியே உள்ளே போய்க் கிட்னியில் தங்கும். அதனால் முதல் வேலையாகச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். முடிவு வரும்வரை மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, குறை ஒன்றுமில்லை.

பிறகு அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்கு ஆச்சரியம். என்ன வேலை? எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவீர்கள்? கடைசியாக மாதவிலக்கு எப்போது? வீட்டில் குழாய்த் தண்ணீரா, கிணறா? நான் விடிகாலை நாலு மணிக்குக் கரி அடுப்பைப் பற்றவைத்தால் பத்தரை வரை தோசைக்கல் முன்னால்தான் நிற்பேன். மங்குக்கு வெயில் மட்டும் காரணமில்லை, அடுப்புச் சூடும் ஏற்றிவிடும் என்றார். இருபத்திரண்டு வருஷமாக நிற்கிற இடம்!

தனக்காவைப் பற்றி நான் தயங்கித்தான் கேட்டேன், திட்டுவாரோ என்று. அவர் கன்னத்திலும் லேசாகத் தனக்கா இருந்தது. “உங்கள் இருபது வயதில் முகத்தில் எண்ணெய் வழிந்ததா?” என்றார். வழிந்தது, பரு வேறு. “தனக்கா அந்த எண்ணெயைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. இப்போது ஹார்மோன் குறைய ஆரம்பித்து எண்ணெய்ச் சுரப்பும் குறைந்துவிட்டது. உறிஞ்ச எண்ணெய் இல்லாத இடத்தில் அது இருக்கிற ஈரத்தையும் இழுக்கும்.” கட்டை மாறவில்லை, கல் மாறவில்லை, மாறியது நான். இதை யாராவது இரண்டு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த டப்பா பக்கமே போயிருக்க மாட்டேன்.

வெயிலுக்கு அது போதாதா என்றும் கேட்டேன். அதிலுள்ள மார்மெசின் என்ற பொருள் புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் தடுப்பது உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்பி மங்கு முகத்தோடு வெயிலில் நிற்கக்கூடாது என்றார்.

இனி, முகம் தேறிய அந்த நான்கு மாதம். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தவில்லை. லேசான வேறொரு ஸ்டீராய்டு கிரீம் கொடுத்து, ஒரு வாரம் தினமும், அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு முறை என்று இறக்கினார். பொரிக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. அதை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது, வெயில் அதிகம் சுடும் என்று மூன்று எச்சரிக்கை. இந்த அளவும் கணக்கும் எனக்கு எழுதியவை. உங்களுக்கு வேறாக இருக்கும், பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

முதல் ஐந்து வாரம் நரகம். வைகாசி இன்னும் மழைக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் முறை வைத்து வரும், நடுராத்திரி போனால் விடியும்போதுதான் மின்விசிறி சுற்றும். வேர்வை பட்ட இடமெல்லாம் தீக்குச்சி உரசினதுபோல. மல் துணியைப் பானைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகள் எழுந்து வந்து விசிறுவாள். அந்த நாட்களில் முகத்துக்குத் தண்ணீரும் ஒரு வாசனையில்லாத ஈரப்பசை கிரீமும் தவிர வேறெதுவும் கூடாது. சோப்பு கிடையாது. அதன் காரம் தோலின் மெல்லிய புளிப்புத் தன்மையைக் கெடுத்துவிடுமாம். வெள்ளிக்கிழமை மஞ்சள் கிடையாது. மாமியாருக்கு இதுதான் பொறுக்கவில்லை. “மஞ்ச பூசாத பொம்பள மொகமா?” என்று இரண்டு வெள்ளி முணுமுணுத்தார். மூன்றாவது வெள்ளி, அனவரதா சாலைக் காளியம்மன் கோவிலிலிருந்து வந்தவர் மஞ்சளை என் காலில் மட்டும் பூசிவிட்டு, “போ, இது போதும்” என்றார்.

தனக்கா கல்லை அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்தேன். மேலே உப்பு ஜாடி ஏறிக்கொண்டது.

பழக்கம் கைவிடாது, கண்டதைத் தடவிப் பார்க்கத் தோன்றும். டாக்டர் அம்மா சொன்ன ஒரு கணக்குதான் கையைக் கட்டியது. இளம் வயதில் மேல்தோல் புதுசாக நான்கு வாரம் ஆகும், என் வயதில் இன்னும் நாளாகும். ஆக, எதைப் பூசினாலும் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். எட்டு நாளில் பளபளத்தால் சந்தேகப்படு என்றும் சொன்னார். எந்தப் புதுச் சாமானும் முதலில் ஒரு வாரம் காதுக்குப் பின்னால்தான்.

ஆவணி முடியும்போது சிவப்பு போயிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யாங்கோன் பருவத்தோடு ஓடிப்பிடித்து விளையாடியதுதான்.

இந்த ஊரில் மழை வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாது. அப்போது காற்றே ஈரத்துணி. அந்த மாதங்களில் கெட்டி கிரீம் பூசினால் நெற்றியில் வேர்க்குரு. தேங்காயெண்ணெயைக் கழுத்தில் தடவினால் தேமல், ஏனென்றால் தேமல் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. அதனால் தண்ணீராய் இருக்கிற லேசான கிரீம், ராத்திரி மட்டும். மார்கழி, தையில் நிலைமை தலைகீழ். ராத்திரி 18 டிகிரிக்கு இறங்கும், காற்று காய்ந்துவிடும். குளித்துவிட்டுத் துடைத்தும் துடைக்காமலும் இருக்கும்போதே கிரீம், அதன் மேல் பயறு அளவு வாசலின். காய்ந்த தோலில் வாசலின் பூசிப் பிரயோஜனமில்லை. அது ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் மூடிவைக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் செம்மஞ்சள் கறை படிய விடும் ரகம், முகத்துக்கு மட்டும் ஆறவைத்த குடிதண்ணீர்.

பங்குனி, சித்திரைதான் இன்னும் சண்டை. சன்ஸ்கிரீன் இரண்டு விரல் நீளம் எடுக்க வேண்டும், முகத்துக்கும் கழுத்துக்கும். அதுவும் இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வருவது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம்கூட மங்கை ஏற்றுமாம். வெள்ளைப் படலம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, நாற்பது வருஷம் மஞ்சளாகத் திரிந்தவள். ஆனால் அடுப்பு முன்னால் அரை மணியில் வழிந்துவிடுகிறது. அதனால் கடையில்தான் மாற்றம் செய்தோம். தோசைக்கல்லை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நான் பரிமாறவும் பணம் வாங்கவும் வந்துவிட்டேன். அவர் தோசை இன்னும் வட்டமாக வரவில்லை. பர்மாக்கார வாடிக்கைக்காரர்கள், “தோஷே” எந்த நாட்டு வரைபடம் என்று கேட்கிறார்கள்.

கிரீம் வாங்கிக் கொடுத்த அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒருத்தி உடனே டாக்டரிடம் போனாள். இன்னொருத்தி, எனக்கு ஒன்றும் செய்யவில்லையே அக்கா என்று சிரித்தாள். இன்னும் பூசுகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அவள் கன்னத்துக்குத்தான் போகிறது.

போன வாரம் முதல் மழை. உப்பு ஜாடியை இறக்கிவிட்டுக் கல்லைக் கழுவினேன். மகளுக்கு இப்போது பத்தொன்பது, முகத்தில் எண்ணெய் வழிகிற வயது. அவளுக்குக் கன்னம் நிறைய. எனக்கு முதலில் கிரீம், அது ஊறியபிறகு மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் தண்ணீராக ஒரு இழுப்பு, இரண்டு மணி நேரத்தில் கழுவிவிடுவேன். இடது கன்னத்தில் புளியங்கொட்டை அளவு மங்கு இன்னும் இருக்கிறது. டாக்டர் அம்மா ஆடியில் வரச் சொல்லியிருக்கிறார்.