மஸ்டாங் டிக்கியைத் தாங்கும் இரண்டு கம்பிகள்

என்னிடம் இருப்பது 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கூப்பே, 289 வி8 இன்ஜின். அந்தக் காலத்து மஸ்டாங்கின் சேசிஸ் நம்பரில் இரண்டாவதாக வரும் எழுத்து, வண்டி எந்த ஆலையில் பிறந்தது என்று சொல்லிவிடும். ‘எஃப்’ என்றால் மிச்சிகனில் உள்ள டியர்பார்ன், ‘ஆர்’ என்றால் சான் ஹோசே, ‘டி’ (T) என்றால் நியூ ஜெர்சியில் இருந்த மெட்டுச்சன். என்னுடையது ‘எஃப்’. மிச்சிகனில் குடியிருப்பவனுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை, வேறொன்றும் இல்லை.

வண்டியை வாங்கியபோது டிக்கிக்குள் ஒரு விளக்குமாற்றுக் கட்டை கிடந்தது. அளவாக வெட்டி, நுனியில் ரப்பர் தொப்பி மாட்டியிருந்தார் முந்தைய ஓனர். எதற்கென்று முதல் தடவை டிக்கியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. மூடியைத் தூக்கிக் கையை எடுத்தால் அப்படியே தலைமேல் இறங்கும். இரண்டு கையிலும் மளிகைப் பையோடு நிற்பவனுக்கு அது சரிப்பட்டு வராது.

இந்த வண்டியில் கேஸ் ஸ்டிரட், அதாவது மூடியைத் தூக்கி நிறுத்தும் வாயு அடைத்த தண்டு, எல்லாம் கிடையாது. பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பார்சல் ட்ரேக்கு அடியில், வண்டியின் குறுக்கே இரண்டு ஸ்பிரிங் ஸ்டீல் கம்பிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கம்பியின் ஒரு நுனி ஒரு பக்கத்துக் கீலில் மாட்டியிருக்கும். மறு நுனி எதிர்ப்பக்கத்தில் பாடியோடு சேர்ந்த பிராக்கெட்டின் வெட்டு ஒன்றில் உட்கார்ந்திருக்கும். மூடியைச் சாத்தும்போது கீல் கம்பியின் நுனியைத் திருப்பும், எதிர்முனை அசையாது. ஈரத்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகுவது மாதிரிதான். அந்த முறுக்கு பிரிய முயல்வதுதான் மூடியை மேலே தூக்குகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்கி மூடியிருக்கும் நேரத்தில்தான் கம்பி முழு முறுக்கில் இருக்கிறது. வண்டி வருஷக்கணக்கில் ஷெட்டில் சும்மா நின்றாலும் கம்பிக்கு ஓய்வு இல்லை. 50 வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோகும். அதனால் ‘ரொம்ப ஓடாத வண்டி, எல்லாம் நல்லா இருக்கும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

உடனே புதுக் கம்பி வாங்க ஓடவில்லை. முதலில் கீல் பின்களில் துருநீக்கும் எண்ணெய் விட்டு, மூடியைப் பல தடவை ஏற்றி இறக்கினேன். கீல் இறுகிக் கிடந்தால் நல்ல கம்பிகூடத் தோற்றுப்போகும். கொஞ்சம் இலகுவானது, ஆனால் மூடி நிற்கவில்லை. அடுத்து டார்ச் அடித்து பிராக்கெட்டைப் பார்த்தேன். இழுவையைக் கூட்டிக் குறைக்கத்தான் அந்த வெட்டுகள். தளர்வான வெட்டில் இருந்தால் அடுத்ததற்கு மாற்றினாலே போதும், காசு மிச்சம். ஆனால் இரண்டு கம்பியுமே கடைசி வெட்டில்தான் இருந்தன. எனக்கு முன்பே யாரோ அந்த வைத்தியத்தைப் பார்த்து முடித்துவிட்டார்கள்.

1966-ல் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் மஸ்டாங் செய்தார்கள் என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. புதிதாகச் செய்த கம்பிகள் ஜோடியாகவே கிடைக்கின்றன. பழையதைச் சூடுகாட்டி வளைத்து மறுபடி மாட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் ஸ்பிரிங் ஸ்டீலின் பதம் போய்விடும்.

வேலையில் இறங்கும் முன் இன்னொரு விஷயம். இந்த மாடலில் பெட்ரோல் டேங்க்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. 16 கேலன் டேங்க் அது. பெட்ரோல் ஊற்றும் குழாயும் பின் பேனலிலிருந்து டிக்கிக்குள் வந்துதான் டேங்க்கில் இறங்குகிறது. நழுவிய இரும்புக் குழாய் ஒன்று அங்கே விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஷெட் கதவை முழுசாகத் திறந்து வைத்து, வீடு மாற்றும்போது சாமான் சுற்றும் தடிமனான போர்வையை நாலாக மடித்து டிக்கியின் தரையில் விரித்தேன். கண்ணாடி, கையுறை இரண்டும் கட்டாயம்.

மூடியைப் பிடிக்க மச்சானைக் கூப்பிட்டேன்.

“மாமா, இப்பவே சொல்லிடுங்க. இது முகத்துல அடிக்குமா?”

“மூஞ்சிய உள்ள நீட்டாம இருந்தா அடிக்காது.”

மூடி முழுசாகத் திறந்திருக்கும்போது முறுக்கு குறைவு. அப்போதுதான் கழற்ற வேண்டும். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. கம்பியின் வளைந்த நுனி நுழையும் அளவுக்கு ஓட்டையுள்ள, இரண்டடி நீள இரும்புக் குழாயை அதில் செருகி, மெதுவாக நெம்பி வெட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தேன். இதில் அவசரமே கூடாது. நுனி வெட்டை விட்டு விலகும் அந்த நொடியில் முழு விசையும் கைக்கு வரும். குழாயை விடாமல் தளர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கம்பி தானாகவே தொளதொளவென்று ஆகிவிடும். மச்சான் அதற்குள் “கனம் ஏறுது, கனம் ஏறுது” என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான். மற்றது அதன் இடத்திலேயே இருந்தால், எது எந்தப் பக்கம் எப்படி மாட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். பின்விளக்கு ஒயர்கள் கம்பிக்கு இடையில் மாட்டிக்கொள்ளாமலும் பார்க்க வேண்டும்.

கழற்றிய கம்பியையும் புதுசையும் சிமெண்டுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினேன். நீளம் ஒன்றுதான், ஆனால் வளைந்த நுனிகள் வேறு வேறு பக்கம் பார்த்தன. பழையது முறுக்கிய திசையிலேயே படிந்துவிட்டது. சந்தேகம் இருப்பவர்கள் இப்படி வைத்துப் பார்த்தால் போதும், வேறு சோதனை தேவையில்லை.

மாட்டுவதுதான் கழற்றுவதைவிடக் கஷ்டம். கீலில் உரசும் இடத்தில் கிரீஸ் தடவி, அந்த நுனியை முதலில் உட்கார வைத்து, எதிர்முனையைக் குழாயால் தூக்கி, தளர்வான வெட்டில் விட்டேன். புதுக் கம்பியை எடுத்த எடுப்பில் கடைசி வெட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மூடி சுரீரென்று மேலே பறக்கும், கீலும் அடி வாங்கும். என் வண்டிக்கு ஒரு வெட்டு கூட்டினதும் சரியாக வந்தது. இப்போது சாவியைத் திருப்பினால் மூடி கொஞ்சம் எழும்பும், ஒரு விரலால் தூக்கினால் மேலே போய் நிற்கும்.

பின்னால் ஸ்பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு மூடியின் கனம் கூடும், அதனால் கூடுதல் வெட்டு தேவைப்படலாம். கம்பியே வேண்டாம், கேஸ் ஸ்டிரட் போட்டுவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓட்டை போட்டு அதை மாட்டப்போவது மெல்லிய தகட்டில். இந்தக் கம்பிகளோ துளை, வெல்டிங் எதுவும் கேட்காமல் அரை நூற்றாண்டு தாங்கியிருக்கின்றன. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர்தான் இப்போது மிச்சம். வலது மூலையில் பிய்ந்திருக்கிறது. புது ரப்பர் போட்டால் அதுவும் மூடியைக் கொஞ்சம் மேலே தள்ளும் என்பதால், அதற்கப்புறம் வெட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருக்கலாம்.