சும்மா கிடக்கு

"கம்பி அந்து கிடக்கு சார்."

"எங்கம்மா?"

"தேரியில, உடைமரத்துப் பக்கம்."

"தீப்பொறி ஏதும் வருதா?"

"இல்ல சார். சும்மா கிடக்கு."

நான் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் பீடரை, அதாவது அந்தப் பக்கம் போகிற லைனை, ஆஃப் பண்ணியிருக்கலாம். ஆனால் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முந்தின மாதம் இதே மாதிரி போன் வந்தபோது, மறுபேச்சில்லாமல் ஆஃப் பண்ணினேன். போய்ப் பார்த்தால் கேபிள் டிவி ஒயர். ஏஇ (உதவிப் பொறியாளர்) என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அன்று பேனலைத் திரும்பிப் பார்த்தேன். பிரேக்கர் (லைனை இணைத்து அறுக்கும் பெரிய ஸ்விட்ச்) ஆனில் நிற்கிறது. கோளாறைக் கண்டால் அதை ட்ரிப் பண்ணி லைனை அறுத்துவிடும் ரிலேயில் ஃபிளாக், அதாவது வேலை செய்த அடையாளம், விழவில்லை. "11 கேவியா இருந்தா இந்நேரம் ட்ரிப் ஆகியிருக்கும்மா. இருந்தாலும் கிட்டப் போகாதீங்க" என்றேன். இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன் என்பதுதான் இன்றுவரை எனக்கிருக்கிற ஒரே பிடி.

அப்புறம் லைன்மேன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. எடுத்ததும், "தம்பி, மொதல்ல கட் பண்ணு. அது மணலு" என்றார். அந்த அம்மா கூப்பிட்டது 2.19. நான் கையால் ட்ரிப் பண்ணியது 2.26.

மணல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? படித்ததுதான். லைன் கரண்டைக் குறைத்து ரிலேக்குக் கொடுக்கிற சிடி 200/5, எர்த் ஃபால்ட் (கரண்ட் பூமிக்குப் போகிற கோளாறு) செட்டிங் 20 சதவீதம். பூமிக்கு 200-ல் 20 சதவீதம், அதாவது 40 ஆம்பியர் போனால்தான் ரிலே அசையும். ஈரப் புல்லில் விழுந்த கம்பி அந்த அளவு இழுக்கலாம். மே மாதத் தேரிச் செம்மணலில் சில ஆம்பியர்கூடப் போகாது. செட்டிங்கைக் குறைத்து வைத்தால் மழைக்காலத்தில் தொட்டதற்கெல்லாம் ட்ரிப் ஆகும். ரிலே அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தீப்பொறியால் கரண்ட் அலையில் வருகிற கோணலை (ஹார்மோனிக்ஸ்) வைத்துக் கண்டுபிடிக்கிற நியூமெரிக்கல் (கம்ப்யூட்டர் ரக) ரிலேக்கள் இருக்கின்றன. எங்கள் பேனலில் இருந்தது பழைய தட்டு சுற்றுகிற ரகம்.

அப்படியென்றால் நான் தப்பு செய்யவில்லை. இங்கே நிறுத்திக்கொண்டால் தூக்கம் வரும்.

ஆனால் அதற்குக் கால் மணி நேரம் முன்னால் இன்னொரு போன் வந்திருந்தது. லைனின் கடைசி ஊரிலிருந்து: "சார், ஒரு பேஸ் நல்லா இருக்கு, மத்த ரெண்டும் மினுக்கு மினுக்குன்னு எரியுது." வயர்மேனிடம் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன். ஹெச்டியில் (11 கேவி உயரழுத்த லைனில்) ஒரு கம்பி விட்டுப்போனால் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேஸில் பாதி வோல்டேஜ்தான் வரும். பேனலிலும் மூன்று பேஸில் ஆர், ஒய் இரண்டும் 60 ஆம்பியரை ஒட்டி நிற்க, பி மட்டும் 44. பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிற்பாடு தெரிந்ததை அன்றே பார்த்ததாக மனசு சேர்த்துக்கொண்டதோ என்னவோ.

சாயங்காலம் அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். கம்பி கிடந்த இடத்து மணல். உருகிக் கண்ணாடியாகி, கறுத்து, ஒரு விரல் நீளத்துக்குக் கரடுமுரடாக இருந்தது. உள்ளே குழல் மாதிரி ஓட்டை. "சும்மா கிடந்த கம்பி" என்று சிரித்தார். ஆடுகள் முப்பதடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

லாக்புக்கில் '2.26, கம்பி அறுந்ததாகத் தகவல், கையால் ட்ரிப்' என்று எழுதினேன். 2.19 அதில் இல்லை. பொய் எதுவும் எழுதவில்லை.

இப்போதெல்லாம் போன் வந்தால் முதலில் ஆஃப், அப்புறம்தான் பேச்சு என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன். போன வாரம் இன்னொருவர் கூப்பிட்டார், கம்பி கீழே கிடக்கிறது என்று. கை ட்ரிப் ஸ்விட்சில் இருந்தது. "தீப்பொறி வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் திருப்பினேன்.