டெல்டாவில் ‘வண்டி வேணும்’ என்றால் எந்த வண்டி?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அறுப்பு நேரத்தில் வண்டி கேட்டுப் போன் போட்டால், எதிர்முனையில் முதல் கேள்வியே “பெல்ட்டா, டயரா?” என்பதுதான். கம்பைன் ஹார்வெஸ்டர் என்று முழுப்பேர் சொல்லி யாரும் கேட்பதில்லை. பேரை மாற்றிச் சொன்னால் வேற மிஷின் வந்து நிற்கும், வந்துபோன செலவு நம்ம தலையில் விழும்.

பெல்ட் வண்டி ரப்பர் டிராக்கில் ஓடும். எடை பரவி இறங்குவதால் ஈர வயலில் புதையாது. தை மாசம் மழை பெய்து சம்பா சாய்ந்து கிடக்கிற வயலுக்கு இதை விட்டால் வழியில்லை. டயர் வண்டிக்கு வாடகை குறைவு, காய்ந்த வயலில் தாராளமாக இறக்கலாம். ஆனால் சேறு காயாத வயலில் இறக்கினால் அச்சு வரை அமுங்கிவிடும். இழுத்துவிட டிராக்டர் தேடவேண்டும், அது போட்ட பள்ளத்தை அடுத்த உழவில் சமன் செய்யவேண்டும். குதிகாலை அழுத்தி வயலை மிதித்துப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் பெல்ட்தான். அறுப்புக்கு 10 நாள் முன்பே தண்ணீரை வடித்திருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

ஒன்று கவனிக்கணும்: பெல்ட் வண்டி தன் காலில் ஊருக்குள் வராது. தார் ரோட்டில் ஓட்டினால் ரப்பர் தேயும் என்பதால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருவார்கள். லாரி நிற்க இடம், இறக்க ஒரு மேடு, வயலுக்குப் போகிற வழியில் மதகின் அகலம், இந்த மூன்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து நெல்லை ஏற்ற குட்டியானை. 2005இல் வந்த டாடா ஏஸுக்கு ஊர் வைத்த பேர்; இப்போது அந்த அளவில் எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் குட்டியானைதான். முதலில் வந்த ஏஸ் சுமக்கும் எடை 750 கிலோ. அரசு கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ, ஆக 18 மூட்டை. வியாபாரி பிடிக்கிற 60 கிலோ மூட்டை என்றால் 12. ‘எத்தனை மூட்டை ஏறும்?’ என்று மட்டும் கேட்டால் பதில் தப்பாகத்தான் வரும், எந்த மூட்டை என்பதையும் சேர்த்துக் கேட்கணும். நடப்பில் 30, 35 என்று அடுக்குகிறார்கள். விளைவு முதலில் பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் தெரியும்: ஒரு பட்டை விரிசல் விட்டு, வண்டி ஒரு பக்கமாகச் சாயும். களத்திலிருந்து ரோட்டு மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் போய் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. பாதி கிளட்சில் மேடேற்றினால் கிளட்ச் பிளேட் கருகும், வாசனையே காட்டிக்கொடுக்கும். 40 கிலோ மூட்டை 30 இருக்கிறதா, அசோக் லேலண்டின் தோஸ்த் கேளுங்கள். 2011இல் அது வந்தபோதே 1,250 கிலோ இழுக்கிற வண்டி.

உழவுக்கு டிராக்டர் சொல்லும்போது பின்னால் என்ன மாட்டிவரணும் என்பதுதான் பேச்சு. புழுதி உழவுக்கு ஒன்பது கொத்து (ஒன்பது கொழு உள்ள கலப்பை), சேற்று உழவுக்கு கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் அல்லது சுழலும் கத்தி உள்ள ரொட்டவேட்டர். கேஜ் வீலைக் கழற்றாமல் தார் ரோட்டில் ஓட்டுகிறவர்களை ஊர் திட்டுவதில் தப்பே இல்லை, இரும்புப் பட்டை ரோட்டைக் கொத்திப் போட்டுவிடும்.

மண் வேலையில் குழப்பம் அதிகம். ஜேசிபி, ஹிட்டாச்சி, பொக்லைன் மூன்றும் கம்பெனிப் பேர்கள். ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் 1945இல் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனி. அங்கேயும் யார் தயாரித்த மிஷினானாலும் சனங்கள் ஜேசிபி என்றுதான் சொல்கிறார்கள், நம்ம ஊரை மட்டும் குறை சொல்லவேண்டாம். பொக்லைன் பிரெஞ்சுக் கம்பெனி. பேப்பரில் ஜேசிபி, ஹிட்டாச்சி இரண்டுக்கும் சேர்த்து ‘பொக்லைன் இயந்திரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். வாடகைக்கு எடுக்கிறவருக்கு அது போதாது. ஜேசிபி என்றால் டயர், முன்னால் அகலப் பக்கெட், பின்னால் ஒரு கை; ரோட்டில் தானே ஓடிவரும், ஆனால் கை முழுச் சுற்று சுற்றாது. ஹிட்டாச்சி என்றால் பெல்ட். மேல்பகுதி முழுவதும் சுழலும், லாரியில்தான் வரும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் சி, டி வாய்க்கால் (வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கிளை வாய்க்கால்கள்) தூர்வார, கரையில் நின்றபடி அள்ளி மறுபக்கம் கொட்ட ஹிட்டாச்சி சரி. குறுகிய கரைக்குச் சின்ன ஹிட்டாச்சி. மனை மேடாக்க, மண்ணைத் தள்ளி நிரவ ஜேசிபி. ஒரு மணி நேர வேலைக்கு ஹிட்டாச்சி கூப்பிட்டால், வேலைக் கூலியைவிட லாரி கூலி கூடிவிடும்.

மணல், எம்-சாண்ட் லாரிகளுக்கு யூனிட்தான் பேர்: ரெண்டு யூனிட் வண்டி, மூணு யூனிட் வண்டி. ஒரு யூனிட் 100 கன அடி. டிராக்டர் டிப்பரை மட்டும் ‘ஒரு லோடு’ என்று விற்கிறார்கள், அங்கேதான் அடி விழுகிறது. பெட்டி உள்ளளவு 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 90 கன அடி, ஒரு யூனிட்டுக்கே 10 குறைவு. டேப்பை எடுத்து உள்பக்கம் பிடியுங்கள், வெளிப்பக்கம் வேண்டாம். ஈர மணல் உப்பும். அளவில் நிறைந்து தெரிந்தாலும் காய்ந்ததும் கால் பங்கு வரை இறங்கிவிடலாம். கூம்பாகக் குவித்திருப்பதைக் கணக்கில் சேர்க்காமல், பலகை மட்டத்துக்கு நிரவச் சொல்லி அளந்த பிறகு கொட்டச் சொல்லுங்கள்.