நான்காக மடித்த தாள்

வான்கூவரில் படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் கடையொன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கல்யாணப் படம், பட்டச் சான்றிதழ் எல்லாம் வரும். அடிக்கடி வருவது ஒரு பழைய புகைப்படத்தின் பிரதி. 1885 நவம்பர் 7 அன்று கனடிய பசிபிக் ரயில்பாதைக்குக் கடைசி ஆணி அடிக்கும் காட்சி.

ஒருநாள் வயதான சீன அம்மா ஒருவர் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். நான்காக மடித்து மடித்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது. ஒரு பையனின் படம் ஒட்டியிருந்தது. "எங்கள் அப்பா. அப்போது பதினாலு வயது" என்றார்.

பள்ளிச் சான்றிதழ் என்று நினைத்துதான் படிக்க ஆரம்பித்தேன். 500 டாலர் வாங்கிக்கொண்டதற்கான அத்தாட்சி அது. சீனர் என்பதால் கனடாவுக்குள் நுழைய 1918இல் அந்தப் பையன் கட்டிய தலைவரி. ஊர்ப் பெயருக்கு முன்னால், 'இந்த ஊரில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்பவர்' என்ற பொருளில் அச்சடித்திருந்தார்கள். பணத்தை எண்ணி வாங்கியவர்கள் அவன் பிறந்த ஊரை மட்டும் நம்பவில்லை. அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மலைகளில் அந்த ரயில்பாதையைப் போட 15,000 சீனர்களாவது உழைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஒரு டாலர் கூலி, வெள்ளைத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம். பாறை வெடிப்பிலும் நோயிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பாதை முடிந்த அதே 1885இல் 50 டாலர் வரி வந்தது. 1900இல் 100, 1903இல் 500. ஒரு சீனத் தொழிலாளியின் ஏறத்தாழ இரண்டு வருடச் சம்பளம். 1923 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் போட்டுச் சீனர்களுக்குக் கதவையே அடைத்துவிட்டார்கள். கனடாவின் தேசிய நாளான அதைச் சீனர்கள் அவமான நாள் என்றார்கள்.

அந்த அம்மாவின் அப்பா 1935இல் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்தார். இரண்டு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் கனடாவுக்குள் விடமாட்டார்கள். மனைவியை விட்டுவிட்டுத் திரும்பினார். அந்தச் சட்டம் 1947இல் நீங்கி, மனைவி வந்து சேர்ந்தது 1949இல். இடையில் கடிதமும், அவர் அனுப்பிய பணமும்தான். 2006இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வரி கட்டியவரோ அவருடைய துணையோ உயிரோடிருந்தால் 20,000 டாலர். அந்த அம்மாவின் பெற்றோர் இருவருமே அதற்குள் போய்விட்டார்கள். அவர்களை இழந்த பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை என்பது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

மடிப்புகளை லேசாக ஈரப்படுத்தி நீவிவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். யார் கேட்டாலும் காட்ட வேண்டுமே என்று கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார். மடிப்பு இருக்கட்டும்" என்றார்.

சரி என்று அப்படியே விட்டேன். பின்பக்கம் 1924இல் மறுபடி பதிவு செய்ததற்கான முத்திரை இருந்ததால் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தேன். நடுவில் வெட்டித் திறந்த அமிலமில்லாத அட்டையில், மெல்லிய ஜப்பானியத் தாளால் மேல் விளிம்பை மட்டும் கோதுமைப் பசை போட்டு ஒட்டினேன். அந்தப் பசை தண்ணீர் பட்டால் விட்டுவிடும். பின்னால் யாருக்காவது தாளை வெளியே எடுக்க வேண்டியிருந்தால் கிழியாது.

அடுத்த வாரமே கடைசி ஆணிப் படத்துக்கு ஓர் ஆர்டர் வந்தது. கண்ணாடியைப் பொருத்துமுன் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு சீன முகம்கூட எனக்குத் தென்படவில்லை.